ஏறாத கோடு

அம்மாவின் வேலை ஈரலுக்குள் மின்சாரம் விட்டு, அது எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது. யார் கேட்டாலும் அவள் இப்படித்தான் சொல்வாள். கேட்டவர்கள் பெரும்பாலும் தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். "எதுக்கு?" என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் அவ்வளவுதான். ஆற அமர உட்காரவைத்துச் சொல்லி முடிக்காமல் அவரை எழுந்திருக்க விடமாட்டாள்.

போன மாதம் அம்மா இறந்துபோனாள். நான் மின்பொறியாளர். துணைமின் நிலையத்தில் மின்மாற்றிகளின் தடையைச் சோதிக்கிறேன். அவள் செய்ததும் நான் செய்வதும் அடிப்படையில் ஒரே வேலை. ஆனால் நான் அளப்பது இரும்பும் செம்பும் எண்ணெயும். இன்றைக்கு முடியாவிட்டால் நாளைக்கு அளக்கலாம், நின்ற இடத்தில் நிற்கும். அவள் அளந்த பொருள் அப்படி நிற்காது.

எதற்கு என்பதை நானும் சொல்லிவிடுகிறேன். ஈரலில் சின்னதாகக் கட்டி வந்தால் வயிற்றைத் திறந்து வெட்டாமலே அதைப் பொசுக்க முடியும். கட்டிக்குள் ஊசியைச் செருகி மின்சாரம் செலுத்தினால் ஊசியைச் சுற்றியிருக்கும் சதை வெந்துபோகும். எவ்வளவு தூரம் வேகும் என்பது அந்தச் சதை மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைப் பொறுத்தது. உண்மையைவிடத் தடை குறைவு என்று நினைத்து மின்சாரத்தைக் கூட்டி வைத்தால் நல்ல சதையும் பக்கத்துப் பித்தக்குழாயும் சேர்ந்து வெந்துவிடும். அதிகம் என்று நினைத்துக் குறைத்து வைத்தால் கட்டியின் ஓரம் தப்பித்து மறுபடி வளரும்.

அம்மா வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவர் ஒருவர் இந்த முறையைத் தொடங்க நினைத்தார். ஈரலின் தடை எவ்வளவு என்று தேடிப் பார்த்தார். ஆளுக்கொரு எண் சொல்லியிருந்தார்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அவர் மேல்மாடியில் இருந்த கருவிக்கூடத்துக்கு வந்து அம்மாவிடம் கேட்டார்: "மேடம், எனக்கு நம்பக்கூடிய ஒரு எண் வேணும். உங்களால முடியுமா?"

அந்த எண்ணுக்காக உண்மையிலேயே காத்திருந்தவர் லிஃப்ட்காரர். அதே ஆஸ்பத்திரியில் பல வருடங்களாக ஆட்களை ஏற்றி இறக்கியவர். அவர் ஈரலில், பித்தக்குழாயை ஒட்டி, ஒரு கட்டி. வயிற்றைத் திறந்து வெட்டுவதை அவருடைய இதயம் தாங்காது. ஊசிதான் வழி. அம்மாவைத் தினமும் மேலே கொண்டுபோய் விடுகிறவரும் அவர்தான்.

"என்ன தங்கச்சி, என் நம்பர் வந்துச்சா?"

"இன்னும் இல்லண்ணா."

"லாட்டரிக்காரன்கூட வாராவாரம் சொல்லிடறான். நீங்க ரொம்பத்தான் இழுக்கறீங்க."

"அவன் சொல்றது உங்களுக்கு விழுந்திருக்கா?"

"விழுந்திருந்தா நான் ஏன் இந்தப் பெட்டிக்குள்ள நிக்கறேன்?"

சிரித்தபடிதான் பேசுவார். கதவு மூடும்போது விலாவைப் பிடித்துக்கொள்வதை அம்மா பார்த்திருக்கிறாள்.

முதலில் இறைச்சிக் கூடத்திலிருந்து மாட்டு ஈரலைப் பனிக்கட்டிப் பையில் வாங்கிவந்து கருவிக்கூடத்தில் அளந்தாள். காலையில் ஒரு எண், மத்தியானம் வேறு எண். குளிர்ந்த ஈரல் ஒன்று சொன்னது, சூடாக்கிய ஈரல் இன்னொன்று சொன்னது. கொண்டுவந்தவர் வழியில் டீ குடிக்க நின்றால்கூட எண் மாறியது. சில வாரம் இதோடு மல்லுக்கட்டிவிட்டு, கருவியைத் தூக்கிக்கொண்டு அம்மாவே இறைச்சிக் கூடத்துக்குப் போய்விட்டாள்.

அங்கே இருந்த தலைமைக் கசாப்புக்காரர் நல்ல உயரம். குரல் அதைவிட உயரம். அம்மா மேசை போட்டு, ஒயர்களைப் பிரித்து வைப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"டாக்டரக்கா, ஈரல் வேணும்னா நானே கொண்டாந்து தரமாட்டேனா? எதுக்கு இங்க வந்து இந்த ஈரத்துல நிக்கறீங்க?"

"நான் டாக்டர் இல்ல. நீங்க கொண்டாந்து தர்றதுக்குள்ள ஈரல் செத்துப்போயிடும்."

"மாடே செத்துத் தொங்குது. அப்புறம் ஈரல் தனியா எங்கக்கா சாகறது?"

"அதைப் பாக்கத்தான் வந்திருக்கேன்."

"சரியாப்போச்சு. நான் ஒருதடவைதான் கொல்றேன். நீங்க ரெண்டாவது தடவையும் கொல்லாம விடமாட்டீங்க போலிருக்கே!"

அதற்கப்புறம் அவர்கள் கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள். எலும்பு அறுக்கும் மின்ரம்பம் ஓடும்போது அம்மாவின் திரையில் எண்கள் குதித்தன. அவள் கையைத் தூக்கினால் அவர் மோட்டாரை நிறுத்தி, கூடம் முழுக்கக் கேட்கிறமாதிரி கத்துவார்: "எல்லாம் வாயை மூடுங்க, அக்கா கேக்கறாங்க!"

"மோட்டாரை நிறுத்தினா போதும். அவங்க பேசட்டும். வாயிலேர்ந்து கரண்ட் வராது."

"எங்க வீட்டுக்காரி பேசி நீங்க கேட்டதில்லையே அக்கா."

விடுமுறையில் ஒருநாள் நானும் போனேன். அப்போது மின்பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். அவள் வேலையைப் பற்றி எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அம்மா முதலில் ஒரு கிண்ணத்தில் உப்புத்தண்ணீர் ஊற்றினாள். அதன் தடை எவ்வளவு இருக்கவேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். கருவி அதைச் சரியாகச் சொன்ன பிறகுதான் ஈரலைத் தொடுவாள். அளந்து முடித்ததும் மறுபடி உப்புத்தண்ணீர். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் எடுத்தது அத்தனையும் குப்பைக்குப் போகும். அளக்கும் முனையில் வரிசையாக நாலு ஊசிகள். வெளி ஊசிகள் இரண்டும் மின்சாரத்தை விடும், உள் ஊசிகள் இரண்டும் கேட்கும். விடுகிற ஊசியையே கேட்கவும் வைத்தால், ஊசிக்கும் ஈரத்துக்கும் நடுவில் தேங்குகிற மின்னூட்டமும் சதையின் கணக்கில் சேர்ந்துவிடும். இதெல்லாம் பாடத்தில் படித்ததுதான்.

கசாப்புக்காரர் ஈரலைக் கொண்டுவந்து வைத்தார். அதிலிருந்து ஆவி பறந்தது. அம்மா ஊசிகளை மெல்ல வைத்தாள். திரையில் ஒரு கோடு நகரத் தொடங்கியது.

மெதுவாகத் திசை மாறும் மின்சாரம் செல்களுக்குள் நுழைவதில்லை. ஒவ்வொரு செல்லையும் சுற்றி மிக மெல்லிய சுவர் இருக்கிறது. மின்சாரம் சுவருக்கு வெளியே, செல்களுக்கு இடையே இருக்கும் ஈரமான சந்துகளில் வளைந்து வளைந்து போகிறது. சந்து எவ்வளவு அகலமோ அவ்வளவு தடை குறைவு. அம்மா அளந்தது அந்தச் சந்துகளைத்தான்.

நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கும் என்று எதிர்பார்த்தேன். செத்த பொருள், ஆறிக்கொண்டு போகிற பொருள், வேறு என்ன செய்யும்? கோடு ஏறியது. முதலில் கண்ணுக்கே தெரியாமல், அப்புறம் தெளிவாக, குன்றின் அடிவாரம் மாதிரி.

"என்னம்மா, ஏறுது?"

"இன்னும் பிடிச்சு வச்சிருக்கு, பாரு."

ரத்தம் நின்றுவிட்டது. செல்களுக்குள்ளே உப்பை வெளியே தள்ளும் இயக்கம் ஒவ்வொன்றாக ஓய்கிறது. உப்பு உள்ளே வருகிறது, பின்னாலேயே தண்ணீரும் வருகிறது. செல்கள் வீங்குகின்றன. சந்துகள் குறுகுகின்றன. மின்சாரம் போக வழியில்லாமல் தடை ஏறுகிறது. சுவர்கள் கிழிந்து எல்லாம் ஒன்றாகக் கலந்து, கோடு கீழே சரிய இன்னும் பல மணி நேரம் ஆகும். அதுவரை ஒவ்வொரு செல்லும் தன் சுவரைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அந்த மாட்டின் மற்ற பாகங்களை அந்தப் பக்கம் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் அதன் ஈரல் இன்னும் முடியவில்லை.

கசாப்புக்காரர் என் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். வழக்கமான குரல் இல்லை. "இத்தனை வருஷமா இதையா வெட்டிக்கிட்டிருக்கேன்," என்றார்.  அம்மாவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் பார்ப்பவள், முதல்முறை பார்ப்பவள் மாதிரி வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தாள்.

போன மாதம், அம்மா இறந்த அன்று, வேறொரு மருத்துவர் அவள் மணிக்கட்டை விட்டுவிட்டு நேரத்தைச் சொன்னார். தங்கை அழத் தொடங்கினாள். நான் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது சூடாக இருந்தது. எனக்குத் தெரியும், உள்ளே கோடு ஏறத் தொடங்கியிருக்கும். அதை யாரிடம் சொல்வது?  கையை எடுக்கச் சொன்னார்கள். இன்னும் கொஞ்ச நேரம் என்றேன்.

இனிச் சொல்லப்போவது அந்த நாட்களில் அம்மா செய்த தவறைப் பற்றி.

ஊசிகளைக் கையால் பிடித்து அளப்பதில் ஒரு சிக்கல். கை நடுங்கும். கொஞ்சம் அழுத்தினால் ஒரு எண், தளர்த்தினால் வேறு எண். அதனால் அம்மா ஊசிமுனையின் மேல் ஒரு ஈயக்கட்டியை உட்காரவைத்தாள். எப்போதும் ஒரே பாரம், ஒரே அழுத்தம். எண்கள் உடனே அடங்கிவிட்டன. இந்த மாடும் அந்த மாடும், இன்றைக்கும் நாளைக்கும், ஒன்றுக்கொன்று அச்சடித்த மாதிரி வந்தன. உப்புத்தண்ணீர் சோதனை முன்னாலும் பின்னாலும் சரியாக இருந்தது. வீட்டில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவினாள். அவளுக்கு எந்தப் பாட்டும் இரண்டாவது வரிக்குமேல் தெரியாது.

எண் மருத்துவரிடம் போனது. அவர் மின்சாரத்தின் அளவைக் கணக்குப் போட்டு லிஃப்ட்காரருக்கு நாள் குறித்தார். லிஃப்ட்காரர் அன்றைக்கு அம்மாவை மேல்மாடியில் இறக்கிவிட மறந்து, அப்படியே கீழே கொண்டுவந்து, மறுபடி மேலே கொண்டுபோனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா சாப்பாட்டு மேசையில் வரைபடத் தாள்களைப் பரப்பி அறிக்கைக்காக அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தாள்களின் சலசலப்பு நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்திருந்தாள். ஒன்று பழையது, கையால் பிடித்து அளந்தது. கோடு நடுங்கியபடி குன்றேறியது. இன்னொன்று ஈயக்கட்டி வைத்து அளந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகப் போனது.

"ஏண்டி," என்றாள். "இது சாகவே இல்லையே."

எனக்குப் புரியச் சில விநாடிகள் ஆயின.

அடுத்த தாளை எடுத்தாள். அதற்கடுத்ததை எடுத்தாள். பாரம் வைத்த பிறகு எந்தக் கோடும் ஏறவில்லை. நடுக்கம் போனதைப் பார்த்து மகிழ்ந்தவள், அதோடு சேர்ந்து குன்றும் போனதைப் பார்க்கவில்லை. தடையும் ரொம்பக் குறைவாக இருந்தது. அந்த எண்ணை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று தேடி எடுத்தாள். அது ரத்தத்தின் தடைக்குப் பக்கத்தில் இருந்தது.

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். ஈரலின்மேல் ஊசிமுனையை வைத்து, ஈயக்கட்டியை ஏற்றி, பொறுத்திருந்து, பிறகு தூக்கினாள். அழுத்திய இடத்தில் சின்னப் பள்ளம். பள்ளம் நிறைய ரத்தம். பாரம் ஈரலைப் பிழிந்திருக்கிறது. கசிந்த ரத்தம் ஊசிகளுக்கு நடுவில் குளமாகத் தேங்கியிருக்கிறது. மின்சாரம் குறுகிய சந்துகளை விட்டுவிட்டு அந்தக் குளத்தின் வழியாகச் சுகமாகப் போய்விட்டது. மாட்டுக்கு மாடு ரத்தம் பெரிதாக மாறாது, மணிக்கணக்கில் அப்படியே இருக்கும். அதனால்தான் அச்சடித்த மாதிரி எண்கள். கருவி பொய் சொல்லவில்லை. அதனிடம் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு ஈரல் என்று எழுதியது அம்மா.

"என்னக்கா, முகம் இப்படி ஆயிடுச்சு?" என்றார் கசாப்புக்காரர்.

"நான் இத்தனை நாளும் குட்டையை அளந்திருக்கேன்."

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருத்துவரிடம் சொன்னாள். அவருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்.

"மேடம், இன்னும் நாலு நாள்ல அவருக்கு ஊசி. இப்ப வந்து எண் தப்புன்னு சொன்னா? கட்டி நமக்காகக் காத்துக்கிட்டிருக்குமா?"

"இந்த எண்ணை வச்சு ஊசி போட்டா பித்தக்குழாய் வெந்துடும் சார்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"இது ஈரலோட எண் இல்லங்கறது நிச்சயமாத் தெரியும். ஈரலோடது என்னன்னு இன்னும் தெரியல."

அவர் குறித்த நாளைத் தள்ளிவைத்தார்.

அம்மா மாடிப்படியில் ஏறிப் போயிருக்கலாம். லிஃப்டில்தான் ஏறினாள். கதவு மூடியதும் சொன்னாள்: "அண்ணா, தப்பு என்னோடது. நான் குடுத்த நம்பர் சரியில்ல. உங்க தேதி தள்ளிப்போகுது."

அவர் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை. "எத்தனை நாள்?"

"தெரியலண்ணா."

"சரியான நம்பர் வருமா?"

"வரும்."

"இதுவும் சரின்னுதானே சொன்னீங்க தங்கச்சி."

 மேல்மாடியில் கதவு திறந்தது. அவள் இறங்கவில்லை. அவரும் இறங்கச் சொல்லவில்லை. அவர்தான் பேசினார்: "போங்க. இங்க நின்னா நம்பர் வந்துடுமா? இந்தப் பெட்டிக்குள்ள நான்தான் இருக்கேன், என்னை அளந்து என்ன ஆகப்போகுது?"

அந்த வாரங்களில் அம்மா வீட்டில் பேசியது ரொம்பக் குறைவு. பாரத்தைத் தூக்கி எறிந்தாள். மெல்லிய சுருள்கம்பியில் ஊசிமுனையைத் தொங்கவிட்டு, எடையைக் கம்பியே தாங்கிக்கொள்ள, ஈரலை அழுத்தாமல் நுனி மட்டும் உள்ளே இறங்கி நிற்கச் செய்தாள். ஊசிகளின் மேல்பகுதிக்கு மெழுகுப்பூச்சு கொடுத்தாள். மேலே ரத்தம் தேங்கினாலும் ஊசி அதைப் பார்க்காது, சதைக்குள் இருக்கும் நுனி மட்டுமே பார்க்கும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி வைத்துக்கொண்டாள். முதல் நிமிடத்தில் எடுத்த எண்தான் எண். ஆனால் அதற்குப் பிறகு கோடு ஏறவேண்டும். ஏறாவிட்டால் அந்த முதல் எண்ணும் செல்லாது. அவள் தொட்டது உயிருள்ள சதையைத்தான் என்பதற்கு, அது பிறகு சாவதைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஒவ்வொரு அளவுக்கும் ஒரு காலைப்பொழுது போனது. கசாப்புக்காரர் ரம்பத்தை நிறுத்தி நிறுத்தி, தன் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். "கோடு ஏறுதா அக்கா?" என்று அங்கிருந்தே கத்துவார். "ஏறுது." "அப்ப என் வசவு வீண்போகல."

புதிய எண்கள் பழையவை மாதிரி அழகாக இல்லை. ஒரு மாட்டுக்கும் இன்னொரு மாட்டுக்கும் வித்தியாசம் இருந்தது. மருத்துவர் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது சிதறிக்கிடக்கே மேடம். போன தடவை எவ்வளவு நல்லா வந்தது."

"ஆமா சார். இதுக்கு மேல அடங்காது. ஈரலுக்கு ஈரல் மாறத்தான் செய்யும்."

"அப்ப இவருக்கு எந்த எண்ணை வைக்கறது?"

"இவரோடதை."

ஊசியைச் செருகும்போதே, சூடேற்றும் முன், அந்த மனிதரின் ஈரலையே அளந்துவிடலாம் என்றாள். எண் எந்த எல்லைக்குள் வரவேண்டும் என்பது இப்போது தெரியும். எல்லைக்கு வெளியே வந்தால் ஊசி எங்கோ ரத்தக்குழாயில் இருக்கிறது, நிறுத்திவிடலாம்.  மறுநாள் கருவிக்கூடத்துக்கு மருத்துவரே ஏறி வந்து சரி என்றார். அடுத்த வாரமே நாள் குறித்தார்.

லிஃப்ட்காரர் பிழைத்தார். பிறகு எடுத்த ஸ்கேனில் வெந்த வட்டத்தின் ஓரம் பித்தக்குழாய்க்கு இந்தப் பக்கமே நின்றிருந்தது. அவர் திரும்ப லிஃப்டுக்கு வந்தார், ஓய்வு பெறும்வரை ஓட்டினார். ஆனால் ஊசி போட்ட அன்றைக்குச் சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், என் எதிரில் உட்கார்ந்து சொன்னது இதைப் பற்றி இல்லை.

அறுவை அறையில் அவளுக்கு ஓரத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். லிஃப்ட்காரர் மயக்கத்தில் இருந்தார். மருத்துவர் நாலு முனை கொண்ட ஊசியைச் செருகினார். அம்மா திரையைப் பார்த்தாள். எண் வந்தது. எல்லைக்குள் இருந்தது. அவள் வழக்கம்போலக் கோடு ஏறுவதற்குக் காத்திருந்தாள். இத்தனை காலமாகப் பழகிய கண்.

கோடு ஏறவில்லை. அதே சமயம், ஈயக்கட்டி வைத்த தாளில் இருந்ததுபோல ஸ்கேல் வைத்த நேர்கோடும் இல்லை. அது அசைந்தது. மெதுவாக எழுந்து, மெதுவாகத் தாழ்ந்தது. அவர் மூச்சு இழுக்கும்போது ஒரு அசைவு, விடும்போது ஒரு அசைவு. அந்த அலையின் முதுகில் இன்னும் சின்னச் சின்ன அலைகள். அது நாடி. ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் ஈரலுக்குள் வந்து, சந்துகளைக் கொஞ்சம் விரித்து, வெளியேறிக்கொண்டிருந்தது. அம்மா அதுவரை எத்தனையோ ஈரல்களை அளந்திருந்தாள். எல்லாமே முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவை. முடியாத ஒன்றை அவள் பார்த்ததே இல்லை.

"மேடம், எண்?"

அம்மா இன்னொரு அலை எழுந்து தாழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஏதாவது தப்பா?"

"இல்ல சார். உயிரோட இருக்கு."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மயக்க மருந்து மருத்துவர் சிரித்தார். "அதைப் பாத்துக்கத்தானே நான் இங்க உக்காந்திருக்கேன்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாளாம். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், இன்னும் ஒரு மூச்சு, அதற்குப் பிறகு இன்னொன்று என்று பார்த்துவிட்டு, எண்ணைச் சொன்னாள். மருத்துவர் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு, மின்சாரத்தை முதலில் கணக்குப் போட்டதைவிடக் குறைத்து வைத்தார்.